வீதியில் ஒரு கமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொழும்பு நகரில் 2024 ஜனவரி 22ஆம் திகதி தொடக்கம், கண்காணிப்புக் கமராப் பதிவுகளைக் கொண்டு போக்குவரத்துக் குற்றங்களுக்குத் தண்டம் விதிக்கும் நடைமுறை ஆரம்பிக்கப்பட்டது. அதேபோன்ற ஏற்பாடு திருகோணமலை மாவட்டத்து வீதிகளுக்கும் வர வேண்டுமா, வரக்கூடாதா என்று கேட்டு இம்முறை வந்த கடிதங்கள் பல. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வாசகர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

எங்கள் பாடசாலைக்கு முன்னால் வாகனங்கள் கட்டுக்கடங்காத வேகத்தில் போகின்றன. கமரா பூட்டினால் அதற்குச் சற்று முன்னே பிரேக் பிடித்துவிட்டு, தாண்டியதும் மீண்டும் வேகமெடுப்பார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். உண்மையிலேயே பயன் உண்டா?
ஓர் ஆசிரியை, நிலாவெளி

பயன் உண்டு. ஆனால் உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முதலில் வேகம் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

நமது நாட்டில் குடிமனைப் பகுதியில் கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கான எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். நல்ல தார் வீதியில், ஈரமில்லாத நேரத்தில், 50 இல் வரும் காரின் சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி எடுக்கிறார் என்று கொண்டால், கார் முழுமையாக நிற்பதற்கு ஏறத்தாழ 28 மீற்றர் தேவை. அதே சாரதி 70 இல் வந்தால் ஏறத்தாழ 46 மீற்றர் தேவை. இப்போது 30 மீற்றர் முன்னால் ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு வீதிக்குள் ஓடி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கார் பிள்ளைக்கு முன்னாலேயே நின்றுவிடும். இரண்டாவது கார், முழுப் பலத்துடன் பிரேக் பிடித்த பின்னரும், மணிக்கு 55 கிலோமீற்றர் வேகத்தில் அந்தப் பிள்ளையை மோதும். ‘20 கிலோமீற்றர்தானே கூட’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகிறது என உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

கமரா இந்த வேகத்தைக் குறைக்கிறதா என்பதற்குப் பல நாடுகளின் சான்றுகள் இருக்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பான கொக்ரேன் 2010 இல் வெளியிட்ட மீளாய்வு 35 ஆய்வுகளை ஒன்றாக எடுத்து ஆராய்ந்தது. கமரா இருந்த இடங்களின் சுற்றுப்புறத்தில் விபத்துகள் 8 முதல் 49 சதவீதம் வரையும், மரணமோ கடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரையும் குறைந்திருந்தன. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. எந்த இடத்தில் வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. அத்துடன், ஓர் ஆண்டில் தற்செயலாக விபத்துகள் கூடிய இடத்தைத் தெரிந்து கமரா வைத்தால், அடுத்த ஆண்டில் எண்ணிக்கை தானாகவே ஓரளவு இறங்கும்; அந்த இறக்கத்தையும் கமராவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நல்ல ஆய்வுகள் இதைக் கழித்துவிட்டே பேசுகின்றன, கழித்த பின்னரும் பலன் எஞ்சுகிறது.

பிரேக் பிடித்துவிட்டுப் பாயும் பழக்கத்துக்கு வருவோம். ஒரே ஓர் இடத்தில் வேகத்தை அளக்கும் கமராவுக்கு இந்தக் குறைபாடு உண்மையாகவே உண்டு. அதனால்தான் பல நாடுகள் இரு முனைகளில் கமரா வைத்து, வாகனம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வர எடுத்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணிக்கும் முறைக்கு மாறின. மூன்று கிலோமீற்றர் தூரத்தை 50 இல் கடக்க 3 நிமிடமும் 36 வினாடியும் வேண்டும். இரண்டரை நிமிடத்தில் வந்து சேர்ந்தவர் நடுவில் எங்கு பிரேக் பிடித்திருந்தாலும் தப்ப முடியாது. பிரித்தானியாவில் இம்முறை நடைமுறைப்படுத்தப்பட்ட வீதிகளை ஆராய்ந்து 2016 இல் வெளிவந்த அறிக்கை, மரணமும் கடுங்காயமும் ஏற்படும் விபத்துகள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. திருகோணமலையிலிருந்து உப்புவெளி வழியாக நிலாவெளிக்குப் போகும் வீதி நேரானது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகளின் வான்களும் வாடகை மோட்டார் சைக்கிள்களும் அங்கே பெருகும். அதே வீதியோரத்தில்தான் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள். இத்தகைய வீதிக்கு இரு முனைக் கமராவே பொருத்தமானது என்பது என் கருத்து.

கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கு வீதியில் எங்கும் கமரா என்றால் கவலையில்லை. எனக்கு அப்படியில்லை. யார் எந்த நேரத்தில் எங்கே போனார் என்று எழுதி வைக்கப்படுவதன் பொருள் என்னவென்று இந்த ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். இதைச் சொன்னால், ‘குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்’ என்று கேட்கிறார்கள்.
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், உவர்மலை

ஐயா, உங்கள் அச்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன். சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து, அடையாள அட்டையை நீட்டி, போகும் இடத்துக்குக் காரணம் சொல்லி வாழ்ந்த தலைமுறையிடம் ‘என்ன பயம்’ என்று கேட்பது மனிதப் பண்பில்லாத கேள்வி. குற்றம் செய்யாதவர்களும் அந்நாட்களில் பயந்தே போனார்கள், வந்தார்கள். ஆகவே இந்த விவாதத்தில் திருகோணமலையின் நிலை கொழும்பின் நிலையைப் போன்றதன்று.

முதற் கேள்விக்கான பதிலில் நான் விரும்பிப் பரிந்துரைத்த சராசரி வேகக் கமராவில்தான் இந்தச் சிக்கல் கூடுதலாக இருக்கிறது. ஓரிடத்தில் அளக்கும் கமரா, எல்லையை மீறும் வாகனத்தை மட்டும் படம் பிடிக்கும்படி அமைக்கப்படலாம். இரு முனைக் கமராவோ, ஒழுங்காகப் போகிறவர் உட்பட அனைவரின் இலக்கத் தகட்டையும் முதல் முனையில் பதிந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டாம் முனையில் ஒப்பிட முடியாது. ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அருகே 2019 இல் இம்முறை தொடங்கப்பட்டபோது, எல்லாருடைய இலக்கங்களையும் பதிவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் அதை நிறுத்தியது. மாநில அரசு முறையான சட்ட ஏற்பாட்டைச் செய்த பிறகே அது மீண்டும் இயங்கியது. நாமும் கேட்க வேண்டியது இதுதான்: எல்லையை மீறாத வாகனத்தின் பதிவு இரண்டாம் முனையைத் தாண்டிய உடனேயே அழிக்கப்பட வேண்டும், தண்டத்துக்காக எடுத்த படம் தண்டத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும், வேறு எந்தத் தேவைக்கும் வேறு எந்தப் பிரிவும் அதைப் பார்ப்பதாயின் நீதிமன்றக் கட்டளை வேண்டும். இவை எழுத்தில், சட்டத்தில் இருக்க வேண்டும். அதிகாரி ஒருவர் கூட்டத்தில் வாய்மொழியாகத் தரும் உறுதி போதாது. இந்த ஏற்பாடுகள் இல்லாமல் கமரா வருமானால், வேகத்தால் உயிர் போவதை எண்ணி இவ்வளவு வருந்துகிற நானும் அதை எதிர்ப்பேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மோட்டார் சைக்கிளை ஒருவருக்கு விற்றேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அவர் இன்னும் பெயர் மாற்றவில்லை என்று அறிகிறேன். கமரா அவரைப் பிடித்தால் தண்டம் எனக்கா வரும்?
ஒரு வாசகர், பாலையூற்று

கடிதம் உங்களுக்குத்தான் வரும். கமராவுக்குத் தெரிவது இலக்கத் தகடு. இலக்கத் தகட்டுக்குப் பின்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் இருப்பது உங்கள் பெயர். கொழும்பு நடைமுறையிலும், பதிவு உரிமையாளர் வசிக்கும் பகுதியின் பொலிஸ் நிலையத்தின் ஊடாகவே அறிவித்தல் அனுப்பப்படுகிறது. ‘ஓபன் பேப்பர்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் இந்தப் பழக்கம் நமது மாவட்டத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது வாகனம் வாங்கி விற்ற எவருக்கும் தெரியும். லீசிங்கில் எடுத்த வாகனம், சவூதியிலோ கட்டாரிலோ இருக்கும் அண்ணனின் பெயரில் தம்பி ஓட்டும் வாகனம் என்று இன்னும் பல உண்டு.

வாகனத்தின் உரிமையாளர் வேறு, குற்றம் செய்த சாரதி வேறு. இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பது கமரா வைத்த எல்லா நாடுகளையும் வருத்திய கேள்வி. பிரித்தானியாவில் 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவு, அந்நேரத்தில் ஓட்டியவர் யார் என்று சொல்லும் கடமையை உரிமையாளர் மீது சுமத்துகிறது. சொல்லாமல் விடுவது தனிக் குற்றம். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்துவதாகும் இது என்று இருவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றார்கள். வாகனம் வைத்திருப்பவர் அதற்குரிய கட்டுப்பாடுகளையும் ஏற்றுக்கொள்கிறார் என்ற அடிப்படையில் 2007 இல் அந்த வழக்கு அவர்களுக்கு எதிராக முடிந்தது. இன்னொரு பாதுகாப்பும் அங்கே உண்டு: சம்பவம் நடந்து 14 நாட்களுக்குள் முதல் அறிவித்தல் உரிமையாளரைச் சேர வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் கடிதத்தைப் பார்த்து, அன்று வாகனத்தை யார் எடுத்துப் போனார் என்று எந்தக் குடும்பத்தால் நினைவுகூர முடியும்? இப்படியொரு கால எல்லையை இங்கும் வலியுறுத்த வேண்டும்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது, வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் பெயர் மாற்றத்தை முடிப்பது. அவர் இழுத்தடித்தால், விற்ற திகதி தெரியும் பத்திரத்தின் பிரதியுடன் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கமரா வராவிட்டாலும் இது அவசியம். அந்த மோட்டார் சைக்கிள் ஒருவரை மோதிவிட்டு ஓடினால், பொலிஸார் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுப் படலையைத்தான்.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் இந்தக் கமராக்களையே தடை செய்துவிட்டது என்று ஸ்காபரோவில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். முன்னேறிய நாடே கைவிட்டதை நாங்கள் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?
ஒரு வியாபாரி, திருகோணமலை நகர்

உங்கள் மைத்துனர் சொன்னது சரி. 2025 நவம்பர் 14 முதல் அங்கே வேகக் கமராக்கள் இல்லை. அவை பணம் பறிக்கும் கருவிகள் என்பது மாகாண முதல்வர் டக் ஃபோர்டின் வாதம். ஆனால் அவற்றால் பயனில்லை என்று கண்டறிந்து அவை நீக்கப்படவில்லை என்பதையும் மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள். ரொறொன்ரோவின் சிறுவர் மருத்துவமனை ஆய்வாளர்களும் ரொறொன்ரோ பெருநகரப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்து அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், பாடசாலைச் சூழல்களில் கமரா வைத்த பின்னர் எல்லையை மீறும் வாகனங்களின் பங்கு 45 சதவீதம் குறைந்திருந்தது. வேகம் குறைந்தது; மக்களின் நம்பிக்கையும் கூடவே குறைந்தது. ரொறொன்ரோவில் ஓரிடத்தில் இருந்த கமராவைச் சிலர் இரவில் வெட்டி வீழ்த்தினார்கள்; அது மீண்டும் நடப்பட்டது, மீண்டும் வெட்டினார்கள். பிரான்ஸிலும் 2018 இன் இறுதியில் எழுந்த மஞ்சள் அங்கிப் போராட்டத்தின்போது நாட்டின் வேகக் கமராக்களுள் பெரும்பாலானவை சேதமாக்கப்பட்டன.

பணம் பற்றிய சந்தேகம் வெறும் வாய்ப்பேச்சு என்று ஒதுக்கக்கூடியதும் அன்று. அமெரிக்காவின் சிக்காகோவில், சிவப்பு விளக்குக் கமரா ஒப்பந்தத்தை ஒரு நிறுவனத்துக்குப் பெற்றுக்கொடுக்க இலஞ்சம் வாங்கிய முன்னாள் நகர அதிகாரி ஒருவருக்கு 2016 இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. கேரளத்தில் 2023 ஜூனில் 726 கமராக்கள் இயங்கத் தொடங்கியபோதும், வீதிப் பாதுகாப்பைக் காட்டிலும் ஒப்பந்தம் பற்றியே அதிகம் பேசப்பட்டது. கமராவை நடத்தும் நிறுவனத்துக்குத் தண்டப் பத்திரத்தின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் கொடுத்தால், தவறு நடக்க வேண்டும் என்று விரும்பும் ஒருவரிடம் தவறைத் தடுக்கும் பொறுப்பைக் கொடுத்தவர்களாவோம். ஒப்பந்தத் தொகை நிலையானதாக இருக்க வேண்டும். கமரா எங்கே இருக்கிறது என்பதை மஞ்சள் நிறப் பலகை போட்டு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மறைந்திருந்து பிடிப்பது வருமானம் தரும், அவ்வளவுதான்.

நான் முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன். பொலிஸ்காரரிடம் நிலைமையைச் சொல்லலாம், பிரசவ வலியில் ஒருவரை ஏற்றிப் போகிறேன் என்றால் விடுவார். கமராவிடம் என்னத்தைச் சொல்ல? ஒரு நாள் உழைப்பு முழுவதும் தண்டத்துக்கே போய்விடும்.
ஒரு சாரதி, கிண்ணியா

தம்பி, உங்களுடைய இரண்டு குறைகளும் நியாயமானவை. அவசரத்துக்காக வேகமாகப் போனவர், வைத்தியசாலையின் அனுமதித் துண்டைக் காட்டித் தண்டத்தை நீக்கிக்கொள்ள எளிய வழி இருக்க வேண்டும். அதற்காகக் கொழும்புக்கு அலைய வைக்கக் கூடாது. எனினும், பொலிஸ்காரரிடம் சொல்லித் தப்பலாம் என்பதில் இன்னொரு பக்கமும் இருப்பதை நீங்களே அறிவீர்கள். சிலரை முகம் பார்த்து விடுகிறார்கள், சிலரைக் கைக்குள் வைப்பதைப் பார்த்து விடுகிறார்கள். முகமும் மொழியும் தெரியாத கருவி, அந்த விதத்தில் உங்களைப் போன்றவருக்கு நன்மையே செய்யும்.

தண்டத்தின் பாரம் எல்லாருக்கும் சமமன்று என்பது இதைவிடப் பெரிய நியாயம். பின்லாந்தில் பெரிய வேக மீறல்களுக்கான தண்டம் மீறியவரின் வருமானத்தைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 2023 இல் 50 கிலோமீற்றர் எல்லையில் 82 இல் போன செல்வந்தர் ஒருவர் 121,000 யூரோ செலுத்த நேர்ந்தது. வருமானப் பதிவு ஒழுங்காக இல்லாத நமது நாட்டில் அது உடனே முடியாது. ஆனால் முதல் தடவைக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும், சிறு மீறலுக்குக் குறைந்த தண்டம், மீண்டும் மீண்டும் மீறுவோருக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் புள்ளிக் குறைப்பு என்று வைக்கலாம். பணத்தைப் பொருட்படுத்தாதவரும் அனுமதிப்பத்திரத்தை இழக்க அஞ்சுவார். முச்சக்கர வண்டிக்கு எல்லை மணிக்கு 40 கிலோமீற்றர் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கிண்ணியாப் பாலத்தில் உங்களை முந்திக்கொண்டு போகிற வாகனங்களோடு போட்டி போட வேண்டாம்.

கமரா பிழை விட்டால்? அதுவும் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால்?
ஒரு விவசாயி, தம்பலகாமம்

கமரா பிழை விடும். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் 2012 இல், சிவப்பு விளக்கில் அசையாமல் நின்ற காருக்கு வேகமாகப் போனதாகத் தண்டம் அனுப்பப்பட்டது. அந்த நகரின் கமராத் திட்டமே பிறகு நிறுத்தப்பட்டது. எனவே அறிவித்தலுடன் படம், இடம், நேரம், அளந்த வேகம், கருவி கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட திகதி ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒரு அலுவலர் தன் கண்ணால் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். மறுத்து வழக்காடுவதற்குத் திருகோணமலை நீதவான் நீதிமன்றமே போதுமானதாக இருக்க வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை, 1988 இன் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ். உங்களுக்குப் புரியாத மொழியில் வரும் கடிதத்தைத் தமிழில் தரும்படி எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

சந்திகளில் சிவப்பு விளக்குக் கமரா நல்லதா?
ஒரு மாணவர், சீனக்குடா

ஓரளவுக்கு. அமெரிக்க அரசு 2005 இல் வெளியிட்ட ஆய்வில் பக்கவாட்டில் மோதும் விபத்துகள் ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்தன. திடீர் பிரேக்கால் பின்னால் மோதுவது ஏறத்தாழ 15 சதவீதம் கூடியது. பக்கவாட்டு மோதலே உயிரை எடுப்பது என்பதால் மொத்தத்தில் நன்மைதான். மஞ்சள் விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்துவிட்டுக் கமரா வைத்தால் அந்த நன்மையும் போய்விடும். 50 இல் வருபவர் பதற்றமின்றி நிற்க மூன்று வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவை.

இரவில் கந்தளாய் வீதியில் மாடுகள் படுத்திருக்கின்றன. நகரில் மான்கள் குறுக்கே வருகின்றன. இதற்குக் கமரா என்ன செய்யும்?
ஒரு வாசகி, சாம்பல்தீவு

எதுவும் செய்யாது. வீதி விளக்கும், மாட்டுச் சொந்தக்காரர் மீது உள்ளூராட்சிச் சபை எடுக்கும் நடவடிக்கையும் வேண்டும். கமராவுக்கான பணத்தில் வீதி விளக்கு வெட்டப்படுமானால் அந்தப் பேரம் நமக்கு வேண்டாம்.

எங்கள் மாவட்டத்தில் முதற் கமரா எங்கே வைக்கப்பட வேண்டும்? இதில் எங்களைப் போன்ற இளைஞர்கள் செய்யக்கூடியது என்ன?
ஒரு விளையாட்டுக் கழக உறுப்பினர், மூதூர்

எங்கே என்பதை நானோ நீங்களோ ஊகத்தால் சொல்லக் கூடாது. மரணமும் கடுங்காயமும் நடந்த இடங்களைப் பொலிஸ் பதிவே காட்ட வேண்டும், அந்தப் பதிவை நீங்கள் கேட்டுப் பெறலாம். 2016 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதிப் பொலிஸ் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குக் கொடுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் பொலிஸ் பிரிவுகளில் மரணம் விளைவித்த ஒவ்வொரு விபத்தின் இடம், திகதி, நேரம், சம்பந்தப்பட்ட வாகன வகை, இறந்தவர் பாதசாரியா சாரதியா பயணியா என்பது ஆகியவற்றைக் கேளுங்கள். இறந்தவர்களின் பெயரைக் கேட்க வேண்டாம். பதில் வந்ததும் பெரிய வரைபடம் ஒன்றில் இடங்களைக் குறித்து, பிரதேச செயலகத்துக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு பிரதியை அனுப்புங்கள். எனக்கும் ஒன்று அனுப்பினால், இதே பக்கத்தில் அதை வெளியிடுமாறு ஆசிரியரிடம் கேட்பேன்.